யோஸ்டின் வலது கை

மூன்று நாள் நுழைவுத் தேர்வும் முடிந்து, கலைத்தொழில் பள்ளியின் பின்முற்றத்தில் நானும் என் தங்கை சலோமேயும் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். கடித்த ரொட்டி வாயிலேயே நிற்க, அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். தொண்டையில் அடைத்துக்கொண்டதோ என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். அவள் அசையவில்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம், சமையலறைக் கதவிலிருந்து ஓர் ஆள் சூப்புக் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தார். முதல் நாள் தேர்வில் நாற்காலியில் உட்கார்ந்து, தன்னை வரையக் கொடுத்தவர். யோஸ்ட் என்று வாயில்காவலர் அவரைக் கூப்பிட்டதைக் கேட்டிருந்தேன். போரில் ஒரு கை போய்விட்டது. கோட்டின் காலிக் கையைத் தோள்வரை மடித்து ஊசி குத்தியிருந்தார். மிச்சமிருந்த கையில் கிண்ணத்தை ஏந்தி, ஒரு சொட்டும் சிந்தாமல், கல் பாவிய தரையில் மெல்ல நடந்து போனார்.

"அக்கா, அவருக்கு எந்தக் கை இல்ல?"

"உனக்குக் கண்ணு இல்லையா? வலது கை."

"நான் வலது கைய வரைஞ்சிட்டேன். இடது கைய எடுத்துட்டேன்." ரொட்டியை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "எல்லாத்தையும் மாத்திப் போட்டிருக்கேன் அக்கா. கல்லுல வரையற மாதிரி."

நாலு மணிக்கு முடிவை எழுதி ஒட்டுவார்கள். மணி அப்போது இரண்டரை.

கல்லில் வரைவது என்றால் என்னவென்று எங்கள் லார் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சுருட்டுப் பெட்டிக்கும் மூக்குப்பொடி டப்பாவுக்கும் ஒட்டுகிற வண்ணச் சீட்டுகள் பாதி அங்கேதான் அச்சாகின்றன. என் அப்பா அந்தச் சீட்டுகளுக்குப் படம் வரைகிறவர். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு மசியால் வரைவார். கல்லில் இருப்பது தாளில் இடம் வலமாக மாறித்தான் விழும் என்பதால், முதலிலேயே மாற்றி வரைய வேண்டும். இடக் கை வலக் கையாக, கிழக்கு மேற்காக. தன் வாழ்நாளில் பனைமரத்தையே பார்த்திராத மனிதர் முந்நூறு பனைமரமாவது வரைந்திருப்பார். எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்தவை. சந்தேகம் வந்தால் பக்கத்தில் ஒரு கைக்கண்ணாடி வைத்திருப்பார், அதில் பார்த்துச் சரி செய்துகொள்வார். சலோமேக்கு அந்தக் கண்ணாடி வேண்டியிருந்ததே இல்லை. ஐந்து வயதிலிருந்து அப்பாவின் மேசைக்கு அடியில் கிடந்தவள். உடைந்த கல்துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்துக் கோழிகளையும் எதிர்வீட்டு நாயையும் பார்த்துப் பார்த்து வரைவாள். பார்ப்பது ஒரு பக்கம், கை போவது மறு பக்கம். அந்த நாய் பிற்பாடு ஒரு மூக்குப்பொடி டப்பாவில் ஏறி எல்லை தாண்டி பாசல் நகரம் வரைக்கும் போய்வந்தது.

எழுத்தையும் அவள் அப்படித்தான் எழுதத் தொடங்கினாள். அதற்குப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் விரல் முட்டியில் அடி வாங்கி, கடைசியில் மனிதர்களைப் போல எழுதக் கற்றுக்கொண்டாள். படத்துக்கு யாரும் அடிக்கவில்லை. நாய் இந்தப் பக்கம் பார்த்தால் என்ன, அந்தப் பக்கம் பார்த்தால் என்ன, நாய் நாய்தானே.

பதினான்கு வயதில் அவள் படிப்பு முடிந்தது. கல்லில் வரையும் தொழிலைப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எங்கள் ஊரில் எந்த அச்சகமும் முன்வராது. அப்பா எங்கெங்கோ போய் நின்று பார்த்தார். முதலாளி சிரித்தார், தொழிற்சங்கத்துக்காரர் சிரிக்கக்கூட இல்லை. மூன்று வருஷம் வீட்டிலேயே அப்பாவின் வேலையில் பாதியைச் செய்தாள், அவர் பெயரில். அம்மாவுக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை.

"படம் வரைஞ்சு எவன் வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்கு?" என்பாள் அம்மா.

"நம்ம வீட்டுலதான்," என்பார் அப்பா.

இந்தக் கலைத்தொழில் பள்ளி பெண்களையும் சேர்த்துக்கொள்கிறது என்று அப்பாதான் எங்கேயோ கேள்விப்பட்டு வந்தார். இங்கே நாலு வருஷம் படித்துச் சான்றிதழோடு வந்தால், துணிக்கும் தாளுக்கும் பீங்கானுக்கும் உருவம் வரைகிறவள் என்று சொந்தப் பெயரில் நிற்கலாம். அம்மா ஒரே ஒரு தடவை போய்வரச் சம்மதித்தாள். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், பசை ஒட்டும் மேசையில், என் பக்கத்து நாற்காலி. மேற்பார்வைக்காரியிடம் பேசி முடித்தாகிவிட்டது. அந்த மேசையில் நான் பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பசை நாற்றம் கையைவிட்டுப் போகாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கினால் அதிலும் அடிக்கும். எனக்கு அது பழகிவிட்டது, குறையொன்றும் இல்லை. ஆனால் என் பக்கத்தில் இவள் உட்கார்ந்து, கோழியையும் நாயையும் பார்க்கிற அந்தக் கண்ணால் நாள் முழுக்க அட்டை மூலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியாது. துணைக்கு நான் போகிறேன் என்று மூன்று நாள் விடுப்பு எடுத்து வந்ததும் அதனால்தான். பெண்பிள்ளையைத் தனியாக ரயில் ஏற்ற முடியாது என்று அம்மாவிடம் சொன்னது சும்மா ஒரு சாக்கு.

"யாருக்கும் தெரியாது விடு," என்றேன். "நூறு தாளுக்கு நடுவுல எவன் கையை எண்ணிப் பாக்கப் போறான்?"

"நான் போய்ச் சொல்லிடட்டுமா?"

"வாயைக் கொடுத்து மாட்டிக்காத. பேசாம ரொட்டியத் தின்னு."

அவள் தின்னவில்லை. நானும் தின்னவில்லை. மீதியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மார்ச் மாத வெயில் பேருக்கு அடித்தது. யோஸ்ட் சுவரோரம் உட்கார்ந்து, கிண்ணத்தை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு கையும் உள்ள எவனையாவது உட்கார வைத்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன்.

மூன்று மணி அடித்தபோது வாயில்காவலர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "போனர்ட் யாரு? லார்லேர்ந்து வந்த பொண்ணு?"

சலோமே எழுந்தாள்.

"மேல கூப்பிடுறாங்க. பத்தொன்பதாம் நம்பர் அறை." என்னைப் பார்த்து, "நீங்க எங்கம்மா?" என்றார்.

"நான் அவ அக்கா."

"அக்காவுக்கெல்லாம் தேர்வு இல்ல."

"எனக்கும் படம் வரைய வராது, பயப்படாதீங்க," என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். பாவம், அவர் நல்ல மனிதர். தடுக்கவில்லை.

பத்தொன்பதாம் அறையில் நீள மேசை மேல் தாள்கள் பரப்பிக் கிடந்தன. இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பேராசிரியர் கிரைனர். தடித்த கண்ணாடி, விரல்நகம் எல்லாம் கரி. இன்னொருவர் நெசவுப் பிரிவு ஆசிரியை ராப் அம்மா, ஜன்னலோரம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மேசையின் நடுவில் சலோமேயின் தாள் தனியாகக் கிடந்தது. எனக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்ததும் முற்றத்தில் சூப்புக் குடித்துக்கொண்டிருந்தவரைத்தான் பார்த்தேன். அதே கோணல் மூக்கு, குளிருக்கு ஒடுங்கினதுபோல ஒரு தோள் மட்டும் உயர்ந்த அதே உட்காரல். மூக்கு மறுபக்கம் கோணியிருந்தது. கை மறுபக்கம் இல்லை.

"உங்க பக்கத்துல உட்கார்ந்து வரைஞ்சது யார்னு தெரியுமா?" என்று கேட்டார் கிரைனர்.

"ஒரு பையன். பேர் தெரியாது ஐயா."

"உங்களுக்கு ரெண்டு தாள் குடுத்தோம். ஒண்ணுதான் திரும்பி வந்திருக்கு. இன்னொண்ணு எங்க?"

"முதல்ல வரைஞ்சது நல்லா வரல. கிழிச்சு அறையில இருந்த கணப்பு அடுப்புல போட்டுட்டேன்."

கிரைனர் தலையாட்டினார். அது ஒப்புக்கொள்கிற தலையாட்டல் இல்லை. தன் சந்தேகத்தைச் சொன்னார். அடுத்தவன் கரியால் வரைந்த தாளின் மேல் வெறும் தாளை வைத்து, அழுத்தித் தேய்த்து எடுத்தால், படம் இடம் வலமாக மாறி விழும். அதன் மேல் ஒரு தடவை கோட்டை ஓட்டிவிட்டால் தன் படம் ஆகிவிடும். போன வருஷம் ஒருவன் அப்படிச் செய்து பிடிபட்டானாம். அவர் இதைச் சொல்லி முடிக்கும்போது சலோமேயின் காது சிவந்துவிட்டது. கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சு வராது, காதுதான் சிவக்கும். இவர்களுக்கு அது எப்படித் தெரியும்? குற்றவாளி என்றே நினைத்திருப்பார்கள்.

"ஐயா, எங்கப்பா கல்லுல வரையறவர்," என்றேன். "இவ பொறந்ததுலேர்ந்து எல்லாத்தையும் மாத்தித்தான் வரைவா. எங்க ஊர்ல யாரை வேணா கேளுங்க."

"நீங்க?"

"அக்கா."

"கல்லுல வரையறவங்களை எனக்கும் தெரியும்," என்றார் கிரைனர். குரலில் கடுமை இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "அவங்க முன்னாடி ஒரு மாதிரிப்படம் இருக்கும், பக்கத்துல கண்ணாடி இருக்கும். உசிரோட இருக்கிற மனுஷனைப் பாத்துக்கிட்டே கண்ணாடி இல்லாம மாத்தி வரையறவங்களை நான் பாத்ததில்ல."

"அப்ப இன்னைக்குப் பாருங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ராப் அம்மா ஜன்னலிலிருந்து நகர்ந்து வந்தார். "அவங்க சொல்றதும் சரிதானே, கிரைனர்? யோஸ்ட் இன்னும் கீழதான் இருக்கார். பத்து நிமிஷம் உட்காரச் சொல்லுவோம்," என்றார்.

யோஸ்டைக் கூப்பிட ஆள் போனது. அந்த இடைவெளியில் சலோமே என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், "அக்கா, எப்படி வரையட்டும்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நேராக வரைந்தால், பார்த்தாயா, நேராகத்தான் வரைகிறாள், அந்தத் தாள் திருட்டுத்தான் என்பார்கள். மாற்றி வரைந்தால் திருடி இல்லை என்று நிரூபணமாகும், ஆனால் அதே தப்பைக் கண்ணெதிரே இரண்டாவது தடவை செய்ததாகும். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் குழி. பத்து வருஷம் பசை ஒட்டினவளுக்கு இதில் என்ன யோசனை சொல்லத் தெரியும்? "உன் கை எப்படிப் போகுதோ போகட்டும்," என்றேன். வேறொன்றும் தோன்றவில்லை.

யோஸ்ட் வந்து, யாரையும் ஒன்றும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அந்தத் தோள் தானாக உயர்ந்தது. சலோமே நின்றபடியே வரையத் தொடங்கினாள். முதல் ஒன்றிரண்டு நிமிஷம் கை தயங்கியது. தாளின் ஒரு பக்கம் கரியை வைப்பாள், எடுப்பாள், மறு பக்கம் கொண்டுபோவாள். கிரைனர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அவள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. பிறகு எப்போது என்று தெரியாது, அவள் எங்களையெல்லாம் மறந்துவிட்டாள். கோழியை வரையும்போது கீழுதட்டை உள்ளே மடித்துக்கொள்வாளே, அப்படி மடித்துக்கொண்டாள். யோஸ்டின் மூக்கு இந்தப் பக்கம் கோணியிருக்க, தாளில் அந்தப் பக்கம் கோணியது. காலியாக மடித்திருந்த கோட்டுக் கையும் நாற்காலிக் காலும் பின்சுவரின் ஆணியும் எல்லாம் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தன. ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை. அவளை இப்படி நின்று பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் அவள் வரையும்போது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன்.

"போதும்," என்றார் கிரைனர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தேய்ச்சு எடுத்த படம் இல்ல. அதை நான் வாபஸ் வாங்கிக்கறேன், செல்வி போனர்ட். மன்னிக்கணும்."

எனக்கு உயிர் வந்தது. அது பாதி உயிர்தான்.

"ஆனா," என்றார், "நாங்க கேட்டது என்ன? முன்னால இருக்கறதை வரையச் சொன்னோம். ஒரு கை இல்லாதவருக்கு இல்லாத கையை வரைஞ்சு, இருக்கிற கையை எடுத்தா, அது அவர் இல்ல. வேற யாரோ ஒருத்தர். கோடு அழகா இருக்கு, அதைச் சொல்றேன். கோடு மட்டும் போதாது."

சலோமே கரியைக் கீழே வைத்தாள். "புரியுது ஐயா," என்றாள். அந்த இரண்டு சொல்லில் எனக்குப் பசை நாற்றம் அடித்துவிட்டது.

யோஸ்ட் நாற்காலியிலிருந்து எழுந்தார். "பாக்கலாமா?" என்றார்.

வருஷக்கணக்காக இங்கே உட்கார்கிறவர், இதுவரை ஒரு தாளையும் பார்க்கக் கேட்டதில்லை என்று ராப் அம்மா பிறகு சொன்னார். சம்பளத்தையும் சூப்பையும் வாங்கிக்கொண்டு போய்விடுவாராம். மேசையைச் சுற்றி வந்து, முதல் நாள் தாளையும் இன்றைய தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முதல் நாள் தாளிடம் குனிந்தார்.

"மத்த பிள்ளைங்க வரைஞ்சதும் இங்கதான் இருக்கா?"

கிரைனர் நாலைந்து தாளை அவர் பக்கம் தள்ளினார். யோஸ்ட் பார்த்தார். ஒவ்வொன்றையும் மரியாதையாகப் பார்த்து, ஒதுக்கி வைத்தார்.

"இவங்களை எல்லாம் எனக்குத் தெரியல," என்றார். "இருப்பான், இப்படி ஒருத்தன். தெருவுல ஜனங்க பாக்குறது இவனைத்தான் போல." விரலைச் சலோமேயின் தாளின் மேல் படாமல் கொண்டுபோனார். "எனக்குத் தெரிஞ்சவன் இவன்தான். தினம் காலையில சவரம் பண்ணும்போது கண்ணாடியில வருவான். நான் இடது கையால சவரம் பண்ணுவேன். அவன் வலது கையால பண்ணுவான். மூக்குகூட இந்தப் பக்கம்தான். ஒன்பது வருஷமா பாக்குறேன்."

சொல்லிவிட்டுச் சற்று வெட்கப்பட்டதுபோலத் தாடையைத் தடவிக்கொண்டார்.

"முதல் நாள் ஆஸ்பத்திரியில கண்ணாடி குடுத்தப்போ, இந்தப் பயலுக்கு வலது கை இருக்கே, எனக்கு இல்லையேன்னு அழுதிருக்கேன். சிரிக்காதீங்க. இதை எவன்கிட்ட சொல்ல முடியும்? இந்தப் பொண்ணு எப்படிப் பாத்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நீங்க அவர் இல்லன்னு சொன்னீங்க. இது நான்தான் ஐயா. அதைச் சொல்லத்தான் எந்திரிச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலிக்கே திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார், இன்னும் வரையப் போகிறார்களோ என்று. ராப் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நெடுநேரம் வெளியே எதையோ பார்த்தார். கிரைனர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார், சுவரே அதிர்கிற மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. முற்றத்தில் அவர் மேல் கோபப்பட்டது நினைவுக்கு வந்து, இன்னும் வந்தது.

"அரை வருஷம்," என்றார் கிரைனர் கடைசியில். "அரை வருஷம் வெச்சுப் பாக்கறோம். அதுக்குள்ள நேரா வரையக் கத்துக்கணும். துணியில பூ எந்தப் பக்கம் பாத்தாலும் பரவாயில்ல. ஆனா நான் நாற்காலிய இடப்பக்கம் போடச் சொன்னா இடப்பக்கம் போடத் தெரியணும். முடியுமா?"

"முடியும் ஐயா."

"இந்தப் பழக்கத்தை மறக்கவும் கூடாது," என்றார் ராப் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடியே. இரண்டும் ஒருத்தியால் முடியுமா என்று அவர்களுக்கே தெரியாதோ என்னவோ.

நாலு மணிக்குப் பட்டியலை ஒட்டினார்கள். தட்டச்சுச் செய்த பன்னிரண்டு பெயருக்குக் கீழே, பென்சிலால், பதின்மூன்றாவதாக: போனர்ட், சலோமே. ராசியில்லாத எண் அந்தப் பதின்மூன்று. அம்மா கேட்டால் உப்பு சுற்றிப் போடுவாள். சலோமே அதைப் படித்தாள், விரலால் தொட்டாள், பென்சில் அழிந்துவிடப் போகிறதென்று நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். படி இறங்கும்போது நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் உட்கார்ந்தாள். துணியில் சுற்றி வைத்திருந்த ரொட்டியை எடுத்துக் கடைசித் துகள்வரை தின்று தீர்த்தோம். அந்த ரொட்டி அவ்வளவு ருசியாக இருந்தது. வருகிற போகிற மாணவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"அந்தப் பேராசிரியர்கிட்ட என்ன திமிரா பேசின," என்றாள் சலோமே, வாய் நிறைய.

"உனக்காகப் பேசினேன், நன்றி கெட்டவளே."

"அப்ப இன்னைக்குப் பாருங்க!" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். இருவரும் சிரித்த சிரிப்பில் மேல்மாடியிலிருந்து யாரோ உஷ் என்றார்கள்.

ரயிலில் எங்களுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. உழுது போட்ட வயல்களில் காகங்கள் உட்கார்ந்திருந்தன. அப்பா நடைமேடையில் நிற்பார், எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார், ஆனாலும் கேட்பார் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. திங்கட்கிழமை அந்த நாற்காலியில் வேறு யாராவது வந்து உட்காரட்டும். வாயாடியாக இருந்தால் நல்லது. இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது எதிரில் சலோமே காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தாள்.

"அசையாத."

"என்னடி பண்ற?"

"நேரா வரையப் பழகுறேன். கத்துக்கணும்னு சொன்னாங்கல்ல."

கஷ்டப்பட்டாள். கண்ணை மூடி, விரலை மடக்கி, எது இடது எது வலது என்று முனகி, ஒவ்வொரு கோட்டையும் யோசித்து யோசித்துப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கு அடி வாங்கிய வயதில் அவள் முகம் இப்படித்தான் இருக்கும். இரண்டு நிலையம் தாண்டின பிறகு தாளை என்னிடம் நீட்டினாள். நல்ல படம். என் கொண்டை, என் காலர், வாயோரத்தில் என் பிடிவாதம், அட்டை வெட்டும் கத்தி பட்டு இடது புருவத்தில் விழுந்த வெட்டு. ஒன்றும் தப்பில்லை. ஆனாலும் யாரோ தூரத்து உறவுக்காரி ஒருத்தி என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"யாருடி இது?"

"நீதான். எல்லாரும் பாக்குற நீ," என்றாள். கொட்டாவி விட்டாள். மூன்று நாள் தூக்கம் பாக்கி. ஜன்னல் சட்டத்தில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி, நான் பதில் சொல்லும் முன்பே தூங்கிப்போனாள். விரலெல்லாம் கரி.

நான் தாளை இன்னும் ஒரு தடவை பார்த்தேன். பிறகு யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, அதைப் பின்பக்கமாகத் திருப்பி, மிச்ச வெளிச்சம் வருகிற ஜன்னல் கண்ணாடியின் மேல் வைத்துப் பிடித்தேன். தாள் மெலிசு. ரயில் ஆடியது. கோடுகள் மங்கலாக ஊறி வந்தன. முதலில் கொண்டை வந்தது, பிறகு வெட்டு விழுந்த புருவம், காலையில் கண்ணாடியில் எனக்குத் தெரிந்த பக்கத்தில்.